கடைசி பெஞ்ச்

“சிஸ்டர், நாளையிலிருந்து நான் வரல.”

சாப்பாட்டு மணி அடித்திருந்தது. சுகந்தி டிஃபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

பி.எட். பயிற்சிக்காக அந்தக் கான்வென்ட் பள்ளிக்கு வந்தவள். ஸ்டாஃப் ரூமில் அவளுக்கென்று நாற்காலி கிடையாது. மாடிப்படியில் தனியாகத்தான் சாப்பிடுவாள்.

அவளுடைய வழிகாட்டி ஆசிரியை லூர்து சிஸ்டர் வந்து அதே படியில் உட்கார்ந்தார்.

“என்னாச்சும்மா?”

“பிள்ளைங்க என்கிட்ட பதிலே சொல்றதில்ல. நான் தமிழ்ப் பாடம் எடுக்கும்போது நீங்க கடைசி பெஞ்சுல இருக்கீங்கல்ல? எது கேட்டாலும் திரும்பி உங்களைத்தான் பாக்குதுங்க. நீங்க தலையாட்டினாத்தான் நான் சொன்னது சரி.”

“ம்.”

“‘ட்ரெயினிங் மிஸ், எப்ப போவீங்க?’ன்னு வேற கேக்குதுங்க. நான் டீச்சரே இல்ல, சிஸ்டர். இனிமே ஆகவும் மாட்டேன்.”

சிஸ்டர் தன் டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊறுகாய் எடுத்து அவளுடைய மூடியின் மேல் வைத்தார்.

“உன் பையன் ராத்திரி அழுவானா?”

“அழுவான்.”

“நீ என்ன பண்ணுவே?”

சுகந்திக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

“முதல்ல கதவைப் பார்ப்பேன்.”

“யாரு வருவா?”

“யாரும் வரமாட்டாங்க, சிஸ்டர். அவர் வெளியூர்ல. அம்மாவும் இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன… தூக்கிக்குவேன்.”

“அழுகையை நிறுத்திடுவானா?”

“சில நாள்.”

சிஸ்டர் சிரித்தார். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

“சாப்பிடு. அடுத்து எட்டாம் வகுப்பு.”

மழையைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதச் சொன்னாள் சுகந்தி. முதலில் ரிஸ்வானா எழுந்து வாசித்தாள்.

“நேத்து மழை வந்து எங்க வீட்டு விளக்கைக் குடிச்சிடுச்சு.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“மழைக்கு வாய் இருக்காடி?”

ரிஸ்வானாவின் முகம் சுருங்கிப்போனது. சுகந்தியைப் பார்த்தாள்.

“மிஸ், இப்படி எழுதலாமா?”

சுகந்திக்குத் தெரியவில்லை. கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

அவள் பார்த்த பக்கம் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

பெஞ்ச் காலியாக இருந்தது.

“அங்க யாரும் இல்ல, மிஸ்.”

ரிஸ்வானா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

சுகந்தி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“இன்னொரு தடவை வாசிம்மா. எனக்கு.”