ஓரத்தில் ஒரு வரிசை

அருளப்பன் பல வருடம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு, நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் நோய்க்குறியியல் படிக்க வந்தவர். அவருடைய பேராசிரியை நஸீமா அவரைவிட வயதில் இளையவர். அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார்.

ஒரு நாள் எலும்பு வார்டிலிருந்து ஒரு திசு வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் வீக்கம். புற்றுநோயா என்று கேட்டிருந்தார்கள்.

அருளப்பன் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. பிளந்து பிளந்து பெருகிக்கொண்டிருந்தன. அவசர அவசரமாகப் புது எலும்பைப் பின்னிக்கொண்டிருந்தன.

"மேடம், எலும்புப் புற்றுநோய்தான்."

நஸீமா வெகுநேரம் பார்த்தார்.

"யாரு சார் இவங்க?"

"முப்பிடாதி. இருபத்தொரு வயசு. இடது கால்."

"அது சீட்டுலயே இருக்கு. யாரு?"

அருளப்பனுக்குத் தெரியவில்லை.

"வாங்க, போய்க் கேட்போம்."

"சர்ஜன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார் மேடம். காலை எடுக்கணுமான்னு அந்தப் பொண்ணோட அப்பா அழுதுக்கிட்டே இருக்காராம். இன்னைக்கே பதில் சொல்லணுமாம்."

"அதனாலதான் போறோம்."

வார்டில் அந்தப் பெண் காலைப் போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா. எக்ஸ்ரே படத்தை நர்ஸிடம் வாங்கிவரும்படி நஸீமா அவரை அனுப்பினார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எப்படிம்மா வந்துச்சு?"

"தெரியல மேடம். தானா வீங்கிச்சு."

"விடிஞ்சதும் என்ன செய்வே?"

முப்பிடாதி வாசலைப் பார்த்தாள்.

"அப்பாட்ட சொல்லிருவீங்களா?"

"மாட்டேன்."

"ஓடுவேன் மேடம். போலீஸ் செலக்‌ஷனுக்கு. பைபாஸ் ரோட்டுல. வீட்ல தையல் கிளாஸ்னு சொல்லியிருக்கேன். வலி வந்தப்பவும் விடல. விட்டா டைமிங் போயிரும்." சட்டென்று அவள் குரல் உடைந்தது. "காலை எடுத்துருவாங்களா?"

நஸீமா அவள் முழங்கால்மேல் கையை வைத்தார்.

எக்ஸ்ரேயில் எலும்பின் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு இருந்தது. அதைச் சுற்றியிருந்த வீக்கம் அதை ஏறக்குறைய மறைத்திருந்தது. இருவரும் திரும்பி வந்தார்கள். நஸீமா ஸ்லைடை முதலிலிருந்து மறுபடி நகர்த்தினார். செல்கள் அதே செல்கள்தான். ஆனால் புது எலும்பின் விளிம்பு நெடுகிலும் அவை ஒழுங்காக அணிவகுத்து உட்கார்ந்திருந்தன. ஓரத்துக்குப் போகப் போக எலும்பு முதிர்ந்துகொண்டே வந்தது. புற்றுநோயில் இந்த ஒழுங்கு இருக்காது. ஓடி ஓடி விரிசல் விட்ட எலும்பை உடம்பு ஒட்டவைத்துக்கொண்டிருந்தது.

காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். சில வாரத்தில் வீக்கம் வடிந்தது.

அருளப்பன் மாறிப்போனார். எந்தத் திசு வந்தாலும் வார்டுக்கு ஓடினார். நோயாளிகள் சொல்வதையெல்லாம் கேட்டார்.

மழைக்காலத்தில் அவருடைய அக்கா ரெஜினாவுக்கு மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி வைத்துத் திசு எடுத்தார்கள்.

"பஸ்ல கம்பி இடிச்சிருச்சு தம்பி. அந்த இடத்துலதான். அன்னைக்குக் கன்னிப்போச்சு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

"அடிபட்டாக் கொழுப்பு செத்துக் கட்டியாகும்க்கா. கட்டி மாதிரியே இருக்கும். ஒண்ணும் செய்யாது."

"நீ சொன்னாப் போதும்."

ஸ்லைடு வந்த அன்று அருளப்பன் சாப்பிடவில்லை. நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். பிறகு பார்த்தார். செத்த கொழுப்பு. அதைத் தின்று நுரைத்துப்போன பெரிய செல்கள். அக்கா சொன்னபடியே இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்லைடை எடுத்துக்கொண்டு நஸீமாவின் அறைக்குப் போனார்.

"அடிபட்ட கட்டி மேடம். கொழுப்புச் சிதைவு. எங்க அக்காவுது."

நஸீமா அவரை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ஸ்லைடின் நடுவில் அதிக நேரம் நிற்கவில்லை. ஓரத்துக்கு நகர்த்தி அங்கே நிறுத்தினார். எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார்.

நார்களுக்கு நடுவே சின்னச் சின்ன செல்கள். ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றை வரிசையில்.

"இதைப் பார்த்தீங்களா சார்?"

அருளப்பன் கண்ணை எடுக்கவில்லை.

"பார்த்தேன்."

"என்னன்னு நெனச்சீங்க?"

"காயத்துக்கு வந்த வெள்ளையணுக்கள்னு."

"நெனச்சீங்களா?"

அவர் ஸ்லைடை ஓரம் நெடுகிலும் மறுபடி நகர்த்திப் பார்த்தார்.

"ஸ்பெஷல் ஸ்டெயின் போடச் சொல்லுங்க" என்றார் நஸீமா. "வெள்ளையணுவா இருந்தா நிறம் ஏறாது. புற்றுநோயா இருந்தா பழுப்பா ஏறும்."

இரண்டு நாள் அக்காவின் போனை அவர் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஸ்லைடு வந்தது. அந்த வரிசை முழுவதும் பழுப்பாக நிறமேறியிருந்தது. ஒரு செல்கூட விடுபடவில்லை.

அருளப்பன் நஸீமாவின் மேசைக்கு எதிரே போய் நின்றார்.

"அந்தப் பொண்ணு சொன்னதை நம்பினோம் மேடம். கால் தப்பிச்சுது. எங்க அக்காவும் பொய் சொல்லலியே. கம்பி இடிச்சது நிஜம்."

"நிஜம்தான் சார். செத்த கொழுப்பும் நிஜம்தான்."

"அப்புறம் ஏன்?"

"அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டுட்டு வந்து நாம என்ன செஞ்சோம்?"

"ஸ்லைடை மறுபடி பார்த்தோம்."

"அந்தப் பொண்ணு வேற மாதிரி சொல்லியிருந்தா?"

"அப்பவும் பார்த்திருப்போம். அக்கா சொன்னதோட நான் நின்னுட்டேன்."

நஸீமா தலையசைத்தார். அக்காவுக்கு அறுவை சிகிச்சைக்கு யாரைப் பார்க்க வேண்டும், என்னென்ன சோதனை எடுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். கட்டி சின்னதாக இருக்கும்போதே கையில் கிடைத்திருப்பதாகச் சொன்னார். அருளப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கதவு வரை போனவர் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"மேடம், நீங்க அந்த ஓரத்தைப் பார்க்காம விட்டிருந்தா?"

"நீங்க அன்னைக்கு நிம்மதியாத் தூங்கியிருப்பீங்க சார்."