இரும்பு வரை ஒரு கீறல்

“என் தகட்டை மட்டும் ஏன் டீச்சர் திருப்பித் திருப்பி அனுப்புறீங்க?”

குரூஸ் அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம். வராமல் என்ன செய்யும்? தூத்துக்குடியில் சொந்தமாகப் பெயிண்ட் தயாரிக்கிற மனிதர். தலை நரைத்த பிறகு, துருவைச் சோதிக்கும் வித்தையைக் கற்க மங்கையர்க்கரசியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறார். அவளுக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான்.

கூடத்தின் நடுவே ஒரு பெட்டி. உள்ளே எந்நேரமும் உப்புத்தண்ணீர் புகையாய்த் தெறித்துக்கொண்டிருக்கும். பெயிண்ட் பூசிய தகட்டை அதற்குள் வைக்கும் முன், கத்தியால் ஒரு கோடு கீற வேண்டும். இரும்பு தெரியக் கீற வேண்டும். அதுதான் முறை.

“நானும் கீறிட்டேன்லா?”

அவள் மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கும் மீட்டரை எடுத்தாள். அதன் கம்பி முனை ஒன்றைத் தகட்டின் பெயிண்ட் பூசாத முதுகில் வைத்தாள். இன்னொன்றைக் கீறலில் வைத்தாள். கீறல் இரும்பைத் தொட்டிருந்தால் மீட்டர் கத்தும்.

கத்தவில்லை.

“எறும்பு ஊர்ந்த மாதிரி கீறியிருக்கீங்க அண்ணாச்சி.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஊரார் தகடுகளைக் கறகறவென்று கீறுகிற கை, சொந்தத் தகடு என்றால் தடவிக்கொடுக்கிறது!

“மனசு வரலை டீச்சர். நீங்களே கீறிருங்க.”

“லூர்து எப்படி இருக்கார்?”

அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போனது. அவருடைய பழைய பெயிண்டைப் பூசிய துறைமுக ஏணியில் ஒரு படி முறிந்து, விழுந்து கால் ஒடிந்தவன் லூர்து. அந்த வேதனையில்தான் இந்தப் புதுப் பெயிண்டை உருவாக்கினார். இதுவும் கைவிட்டால் தொழிலையே விட்டுவிடுவதாக மாதா கோயிலில் சத்தியம் செய்திருந்தார்.

“நொண்டி நொண்டி நடக்கான். மேலே பெயிண்ட் பளபளன்னுதான் இருந்துச்சு டீச்சர். உள்ளேதான் அரிச்சுப்போச்சு.”

“துரு எந்த வழியா உள்ளே போச்சு?”

“யாரோ கொக்கி மாட்டினதுல ஒரு சின்னக் கீறல்...”

பாதியில் நிறுத்தினார். கத்தியை எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

மீட்டர் கத்தியது.

வாரங்கள் போயின. பெட்டியைத் திறக்கிற அன்று அண்ணாச்சிக்குக் காலையில் இட்லி இறங்கவில்லை. மங்கையர்க்கரசி தகட்டை வெளியே எடுத்தாள். கீறிய கோடு முழுக்கச் செக்கச்செவேலென்று துரு.

“போச்சு! எல்லாம் போச்சு!”

ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

அவள் நிதானமாகத் தகட்டைக் கழுவினாள். கோட்டின் ஓரத்தில் கத்தியை வைத்துப் பெயிண்டை நெம்பினாள். துரு அடியில் பரவியிருந்தால் பெயிண்ட் செதில் செதிலாகக் கழன்று வரும்.

வரவில்லை.

மறுபக்கம் நெம்பினாள். அங்கேயும் வரவில்லை. கோட்டுக்குள் இருந்த துரு கோட்டுக்குள்ளேயே நின்றிருந்தது.

அண்ணாச்சி எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது. தகட்டையே பார்த்தார்.

“டீச்சர், காலையில சாப்பிடலையா?”

“ஏன் அண்ணாச்சி?”

“கையில பலமே இல்லையே! அழுத்துங்க டீச்சர். இன்னும் நல்லா அழுத்துங்க!”