மூடாக்கு மலைக் கம்பளிகள்

எல்லாரும் உட்கார்ந்தாயிற்றா? கொட்டாவி வருகிறவர்கள் இப்போதே வெளியே போய் விட்டுவிட்டு வாருங்கள். கதை நடுவில் விட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும், ஆமாம்!

மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்தில், எப்போது பார்த்தாலும் மேகம் கவிந்து கிடந்த மலை ஒன்று இருந்தது. மூடாக்கு மலை என்பார்கள். அதை மூன்று மந்திரவாதிகள் ஆண்டு வந்தார்கள். ஒருவர் இடியுருட்டி, ஒருவர் பனியூதி, ஒருவர் புகைவிழுங்கி. பேரெல்லாம் ஊர்க்காரர்கள் வைத்தது. நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. உச்சியில் அடுத்தடுத்து மூன்று குகைகள், குகைக்கு ஒருவர். வெளியே வரமாட்டார்கள், யாரையும் உள்ளே விடமாட்டார்கள், தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ள மாட்டார்கள். இப்படியும் ஒரு ராஜாங்கம்!

ஒரு வருஷம் குளிர் கடுமையாக இருந்தது. ஊரில் எந்தப் புண்ணியவானோ மூன்று கம்பளிகளைக் கொண்டுபோய்க் குகை வாசல்களில் வைத்துவிட்டு வந்தான். அந்த வருஷம் விளைச்சல் அமோகம். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டுக்கு ஒரு கம்பளி மலையேற வேண்டும் என்று ஆகிவிட்டது. கொண்டுபோகிறவர் மந்திரவாதிகளைப் பார்த்துவிடக் கூடாது, பார்த்தால் கல்லாகிவிடுவார். அதனால் மலை முழுக்கப் பின்பக்கமாகவே நடந்து ஏற வேண்டும். இறங்கும்போது நேராகவே ஓடி வரலாம். அதை யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

சில வருஷம் போயிற்று. மலையடியில் ஊருக்கே தண்ணீர் தந்த ஊற்று கொஞ்சம் மெலிந்தது. மேலே டமார் என்று ஓர் இடி இடித்தது.

ஊர்ப் பெரியதனக்காரர் ஒண்டிமுத்து இடியைக் காதில் வாங்கி, கண்ணை மூடி, தலையை ஆட்டினார். "கம்பளி பத்தலைன்னு கோவிச்சுக்கிறாங்கப்பா. வீட்டுக்கு ரெண்டு!" என்றார்.

இரண்டு போயிற்று. ஊற்று இன்னும் மெலிந்தது, இடி இரண்டு தரம் இடித்தது. "வீட்டுக்கு மூணு!" என்றார். மூன்று போயிற்று. ஊற்று சொட்டுச் சொட்டாக வடிந்து, ஒரு நாள் அதுவும் நின்றது. இடியோ நாள் பூராவும் இடித்தது. மழைதான் ஒரு பொட்டுக்கூட இல்லை.

இப்போது காராயியிடம் வருவோம். புருஷன் போன பிறகு ஆடுகளை வைத்துப் பிழைத்தவள். நாற்பது செம்மறிகள் இருந்தன. தாகத்தால் ஒவ்வொன்றாகச் செத்துப் பதினொன்று மிஞ்சின. அதில் ஒன்று தாயில்லாக் குட்டி, கருமூக்கி. காராயி தன் பங்குக் கஞ்சித் தண்ணீரை அதற்கு ஊற்றித்தான் உயிரோடு வைத்திருந்தாள். ஊர்க் கம்பளியில் பாதி அவள் ஆட்டு உரோமம். இனி அடுத்த பௌர்ணமி வரை ஆடும் தாங்காது, அவளும் தாங்கமாட்டாள்.

இந்தப் பௌர்ணமிக்குச் சுமக்கும் முறை அவளுடையது. ஒண்டிமுத்து வந்து, "காராயி, கம்பளியை வெச்சிட்டு வாயைத் தொறக்காம வந்துடு. நம்ம சாமிங்க ரொம்பக் கோவக்காரங்க" என்றார்.

"கோவம் அவங்களுக்கு மட்டும்தானா? என் ஆடு இருபத்தொம்பது போச்சுங்களே!" என்றாள் காராயி.

"ஷ்! மேல கேட்டுடப் போகுது."

"கேக்கட்டுமே. கேக்கணும்னுதானே போறேன்."

விடிந்ததும் தலையில் கம்பளிக் கட்டு, இடுப்பில் கருமூக்கி, முதுகை மலைக்குக் காட்டிப் பின்னால் பின்னால் ஏறினாள். குட்டியை ஏன் தூக்கிப் போனாள் என்கிறீர்களா? வீட்டில் விட்டால் வருவதற்குள் செத்துவிடும் என்ற பயம்தான். வழியில் மூன்று முள் புதரில் உட்கார்ந்தாள். என்ன வைதாள் என்பதை இங்கே சொல்வதற்கில்லை, குழந்தைகள் இருக்கிறீர்கள்.

முதல் குகை வாசலில் முதுகைக் காட்டியபடி கம்பளியை வைத்தாள். "சாமி, தண்ணி விடுங்க" என்றாள். உள்ளேயிருந்து "ஹா... ஹா..." என்று ஒரு சத்தம். அப்புறம் டமார்! இடி அவள் காதைக் கிழித்தது. வேறு பதில் இல்லை.

இரண்டாம் குகை வாசலில் கம்பளியை வைத்தாள். "சாமி, தண்ணி விடுங்க" என்றாள். உள்ளேயிருந்து "ஹூம்ம்ம்" என்று ஒரு பெருமூச்சு. பொலபொலவென்று பனிக்கட்டி அவள் உச்சந்தலையில் கொட்டியது. வேறு பதில் இல்லை.

மூன்றாம் குகை வாசலில் கம்பளியை வைத்தாள். "சாமி, தண்ணி விடுங்க" என்றாள். வாசலில் எட்டிப்பார்த்த அடுப்புப் புகை சர்ரென்று உள்ளே இழுபட்டுப் போயிற்று. சத்தமே இல்லை.

காராயிக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்துக் கருமூக்கி இடுப்பிலிருந்து திமிறிக் குதித்து, குகைக்குள் ஓடிவிட்டது.

ஐயோ! திரும்பினால் கல். திரும்பாவிட்டால் குட்டி போச்சு. ஊர், சட்டம், ஒண்டிமுத்து எல்லாம் ஒரு கணம் கண்ணில் வந்து போயின. உள்ளேயிருந்து குட்டி "ம்மே" என்றது.

"கல்லானா ஆயிட்டுப் போறேன் போ!" என்று வெடுக்கென்று திரும்பினாள்.

கல்லாகவில்லை. கையைக் கிள்ளிப் பார்த்தாள், நன்றாக வலித்தது.

உள்ளே போனாள். தரையில் கம்பளி, சுவரோரம் கம்பளி, கூரை வரை கம்பளி. மூலையில் ஒரு கம்பளிக் குவியல் கிடுகிடுவென்று நடுங்கியது. அதிலிருந்து ஒரு நரைத்த தாடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"போயிடும்மா தாயே!" என்றது தாடி. "மனுஷங்களைக் கண்டா எனக்கு வயித்தைக் கலக்கும். அதனாலதானே இந்த மலைக்கே வந்தேன்."

"நீங்கதான் புகைவிழுங்கியாரா?"

"ஆமா. புகை வெளிய தெரிஞ்சா ஆள் இருக்குன்னு யாராவது வந்துடுவாங்களே. அதான் முழுங்கிடறேன்."

காராயி குட்டியைத் தேடினாள். அது குகையின் பின்பக்கம் ஒரு பொந்தில் முகத்தை நுழைத்து எதையோ சப்பிக்கொண்டிருந்தது. பொந்தில் ஒரு கம்பளி முனை நீட்டியிருந்தது. தொட்டாள். சொதசொதவென்று நனைந்திருந்தது.

"இது என்ன சாமி?"

"மாசாமாசம் வருதே, எங்கதாம்மா வைப்பேன்? நெரிச்சு நெரிச்சு அந்தப் பொந்துல தள்ளிடுவேன்."

"வேண்டாம்னு சொல்றதுக்கென்ன?"

"வெளிய வந்து சொல்லணுமே!" என்று தாடி விசும்பியது.

காராயி தலையில் அடித்துக்கொண்டாள். முனையைப் பிடித்து இழுத்தாள், அசையவில்லை. பக்கத்துக் குகைகளுக்கு ஓடினாள், இந்தத் தரம் நேராகவே ஓடினாள். இரண்டாம் குகையிலும் கம்பளி மலை, பின்னால் ஒரு பொந்து. பனியூதி மூச்சுத் திணறிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். முதல் குகையிலும் அதே கதை. இடியுருட்டிக்கு மூக்கு தக்காளி போலச் சிவந்திருந்தது.

"உரோமம் எனக்கு ஆகாதும்மா," என்றார். "பக்கத்துல வந்தாலே தும்ம... ஹா... ஹா..."

டமார்!

காராயிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்பளியால் தும்மல், தும்மலால் இடி, இடியால் இன்னும் கம்பளி. மூன்று பொந்தும் போய்ச் சேர்வது கீழே ஊற்றாக வரும் ஒரே நீரோட்டத்தில்!

மூன்று பேரையும் மூன்றாம் குகைப் பொந்துக்குத் தரதரவென்று இழுத்து வந்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டுக் கூரையைப் பார்த்தபடியே கம்பளி முனையைப் பிடித்தார்கள். தேர்வடம் இழுப்பதுபோல ஒரு இழுப்பு, வரவில்லை. இரண்டாம் இழுப்பு, வரவில்லை. மூன்றாம் இழுப்பில் இடியுருட்டி பொந்துக்குள்ளேயே தும்மினார் பாருங்கள், அடைத்திருந்த அத்தனை கம்பளியும் பிய்த்துக்கொண்டு ஊற்றுப் பக்கம் பாய்ந்தது!

கீழே ஒண்டிமுத்து காய்ந்த ஊற்று வாயில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் ஒரு கம்பளி அவர் முகத்தில் அறைந்தது. அடுத்து முந்நூறு வந்தன. அப்புறம் தண்ணீர்! ஆடுகள் ஓடி வந்தன, மாடுகள் ஓடி வந்தன, சனங்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். நனைந்த கம்பளிக்குள்ளிருந்து ஒண்டிமுத்து கத்தினார்: "திருப்பி அனுப்பிட்டாங்களே! குத்தமாயிருச்சு! வீட்டுக்கு ஆறு!"

காராயி குட்டியோடு இறங்கி வந்து நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. "திரும்பிப் பாத்தேன்னா நீ கல்லாயில்ல இருக்கணும்?" என்று கைத்தடியால் அவள் காலைத் தட்டினார்.

"ஆ! கல்லு கத்துமா பெரியவரே?" என்றாள் காராயி. ஊரே சிரித்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை ஒருவர் நேராக மலையேறி, குகை வாசலில் நின்று, "என்ன வேணும்?" என்று கேட்பார். முதல் குகையிலிருந்து, "கொஞ்சம் உப்பு" என்று வரும். இரண்டாம் குகையிலிருந்து, "ஊறுகா இருந்தா நல்லது" என்று வரும். மூன்றாம் குகையிலிருந்து மட்டும், "ஒண்ணும் வேண்டாம், சீக்கிரம் போயிட்டா போதும்" என்று வரும். அதையும் கொடுத்துவிட்டு வருவார்கள். காராயியின் பதினொரு ஆடு ஐம்பதானது. ஒண்டிமுத்து மட்டும் கடைசிவரை மலைக்குப் பின்பக்கமாகவே ஏறினார். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: என்ன வேண்டும் என்று முகம் பார்த்துக் கேட்காமல், பயந்துகொண்டே கொட்டிக் கொடுப்பது கொடுத்தவருக்கும் கேடு, வாங்கியவருக்கும் கேடு.