மடத்துக்கு வந்த டி.வி.

குஞ்சிதபாதத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று மடத்தில் சேர்ந்தவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். இனிமேல் பாடம் நடத்தும் பொறுப்பு தமக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தார். இந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பக்தர் சமையல்கட்டுக்கு டி.வி. வாங்கிக் கொடுத்துத் தொலைத்துவிட்டார்.

"சாமி, அந்தச் சனியன் ஒழியணும். இல்லேன்னா நான் ஒழியறேன்."

"அது என்ன செய்யுது உம்மை?"

"வாயைப் பிளந்துகிட்டு உட்கார்ந்திருக்காங்க சாமி! அதைப் பார்த்து ஒருத்தனுக்காவது அறிவு வளருமா?"

"பாடம் முடியட்டும். உட்காரும்."

அன்றைய பாடம் பொய்யைப் பற்றி. ஓர் உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாம், தவறே இல்லை என்றார் குரு. குஞ்சிதபாதம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். பூம்பூம் மாடு அவரிடம் தோற்றுப்போகும்.

பாடம் முடிந்ததும் "தடை உண்டா?" என்று குரு கேட்பது அந்த மடத்து வழக்கம். சீடன் மறுத்துப் பேச வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கேள்வி. ஆனால் இல்லை என்று கும்பிட்டு எழுவதுதான் மரியாதை என்று எப்போதோ ஆகிவிட்டது.

"தடை உண்டா?"

"இல்லை சாமி."

குருவின் முகம் சிவந்தது. விருட்டென்று எழுந்து, சீடரின் கையைப் பிடித்துச் சமையல்கட்டு வாசலுக்கு இழுத்துப் போனார்.

உள்ளே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. புருஷனைக் காப்பாற்ற மருமகள் போலீஸிடம் பொய் சொல்லிவிட்டாள். அடுப்படி இரண்டுபட்டுக் கிடந்தது.

"அவ செஞ்சது சரிதான்!" என்றார் சமையல்காரர் வைத்தி.

காய் நறுக்கிக்கொண்டிருந்த செண்பகம் அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். "எது சரி? இவ சொன்ன பொய்யால வேற ஒருத்தன் ஜெயிலுக்குப் போறானே, அவன் பெண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

"அட, ஆமா..." வைத்தி கரண்டியைக் கீழே வைத்தார். "இரு, யோசிக்கிறேன்."

குஞ்சிதபாதம் முகத்தைச் சுளித்தார். "பார்த்தீங்களா சாமி? ஒரு பெட்டிக்காக அடிச்சுக்கிறாங்க."

"ஆமாய்யா, அடிச்சுக்கிறாங்க!" குரு போட்ட சத்தத்தில் அடுப்படியே அடங்கிவிட்டது. "உயிரைக் காப்பாத்தக்கூடப் பொய் சொல்லக் கூடாதுன்னு நேத்து சொன்னேன். தலையாட்டினீர். இன்னைக்கு நேர்மாறாச் சொன்னேன். அதுக்கும் ஆட்டினீர். உம்மகிட்டயா நான் பாடத்தை ஒப்படைக்கிறது? இந்த மடத்துல டி.வி. பார்க்கிற ஆளு நீர் ஒருத்தர்தான் ஓய்!"