தலைமடைக்காரர்

"தாயி, செஞ்ச தப்ப வாய்விட்டுச் சொன்னா பாரம் குறையும்னு சொல்லுதாவ. எனக்கு மட்டும் ஏன் குறைய மாட்டேங்கு?"

வாய்க்கால் கரை மடத்துச் சாமியம்மாவிடம் இப்படிக் கேட்டவர் மாசானம். வயது அறுபதுக்கு மேல். சாமியம்மாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"என்ன தப்பு?"

வாய்க்காலில் மாசானத்துடையது தலைமடை, தண்ணீர் முதலில் ஏறும் வயல். மழை பொய்த்த ஒரு வருஷம், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்களின் முறை வந்த நாளில், தன் மடையைக் கள்ளத்தனமாகத் திறந்துவிட்டார். கடைசி வயல்களில் பால் பிடித்த நெல்லெல்லாம் பதராகிப் போனது.

வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி பூலையா காவலில் தூங்கிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. கோவில் வாசலில் வைத்து அவருடைய மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்கள். நீர்பாய்ச்சிக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. அந்தக் கூட்டத்தில் மாசானமும் இருந்தார், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு.

"யாருகிட்ட எல்லாம் சொன்னீங்க?"

"சாமிகிட்ட தெனமும் சொல்லுதேன். திருச்செந்தூர் போயும் சொன்னேன். இப்ப ஒங்ககிட்ட."

சாமியம்மா எழுந்து மடத்துக் கீரைத் தோட்டத்துக்குப் போனார். வாய்க்காலை ஒட்டிய முதல் பாத்தியில் குடம் குடமாக ஊற்ற ஆரம்பித்தார். அதில் ஏற்கெனவே தண்ணீர் தளும்பி நின்றது.

மாசானத்துக்குப் பொறுக்கவில்லை. விவசாயி இல்லையா.

"என்ன தாயி இது! நெறஞ்சதுலயே ஊத்துதீய? வாடிக் கெடக்கது கடைசிப் பாத்தியில்லா?"

"அவ்வளவு தூரம் யாரு நடக்க?"

குடம் மறுபடி கவிழ்ந்தது.

மாசானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பூலையா வீட்டுக்கு நடந்தார். இத்தனை வருஷமும் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போனவர்.

பூலையா கட்டிலில் கிடந்தார். பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொண்டார்.

மாசானம் கால்மாட்டில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னார். நாளைக்கே ஊரைக் கூட்டி, அதே கோவில் வாசலில் சொல்வதாகவும் சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

பூலையா தடவித் தடவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீய அண்ணாச்சி. எம்மேல எரக்கப்பட்டு நீங்க எதுக்குப் பழிய ஏத்துக்கிடணும்? அன்னைக்கு நாந்தான் கண்ணசந்துட்டேன். ஊரே சொல்லிச்சே."