கொள்ளி வட்டம்

மங்கிப்போய்விட்டோம் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா?

மலையடிவார மடத்தில் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த செங்கமலத்துக்குத் தோன்றியது. ஒரு மழைநாள் மத்தியானம், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றாள்.

குரு வேதநாயகி அவளைவிட வயதில் சின்னவள். அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, நான் மலைக்குகைக்குப் போறேன். விடை குடுங்க.”

“அங்க வௌவால் இருக்குமே, அக்கா.”

“வௌவாலுக்கு நான் சோறு ஆக்க வேண்டியதில்ல.”

குரு சிரித்தாள். “இங்க என்ன குறை?”

“வந்த புதுசுல கண்ணை மூடினா உள்ள பளிச்சுன்னு இருக்கும். இப்ப அடுப்பு, மாடு, காய்ச்சல்ல கிடக்கிறவங்க, வர்றவங்க, போறவங்க. எல்லாப் பக்கமும் ஓடுறேன். எங்கயும் முழுசா இல்ல. மங்கிட்டேன்மா.”

குரு எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவி, தீயை ஊதி அணைத்தாள். நுனியில் கனல் மட்டும் நின்றது.

“என்ன தெரியுது?”

“பொட்டு மாதிரி நெருப்பு. கண்ணு கூசுது.”

குரு கையை வேகமாகச் சுழற்றினாள்.

“இப்ப?”

“வளையம். ஆனா மங்கலா இருக்கு.”

“எங்கயாவது அறுந்திருக்கா?”

“இல்ல.”

“நெருப்பு குறைஞ்சுபோச்சா?”

செங்கமலம் யோசித்தாள்.

“அதே நெருப்புதான். ஒரு இடத்துலயும் நிக்காம ஓடுது. கண்ணுக்கு அங்கங்க கொஞ்சங் கொஞ்சந்தான் கிடைக்குது.”

குரு நிறுத்தவில்லை.

“போதும்மா, புரிஞ்சிடுச்சு. இங்கயே கிடந்து ஓடுங்கறீங்க.”

“நான் எங்க சொன்னேன்? சும்மா பாருங்க.”

மழை வலுத்தது. குருவுக்கு மூச்சு வாங்கியது. கை தளர்ந்தது. வளையம் அறுந்தது. கனல் தட்டுத்தடுமாறி ஓடுவது தனியாகத் தெரிந்தது.

கடைசியில் குரு கையைத் தொங்கப்போட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கனல் பளிச்சென்று இருந்தது.

“என்னம்மா ஆச்சு?”

“கை கடுக்குது, அக்கா.”

செங்கமலம் கனலைப் பார்த்தாள். குருவின் தோளைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து, மெல்லக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“அம்மா, இன்னிக்கு ஒரு நேரம் சோறு நீங்க ஆக்கிடுறீங்களா? நான் கொஞ்சம் படுத்துக்கறேன்.”