குழாயின் மறுமுனை

"மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுங்கம்மா," என்றார் நாச்சிமுத்து. "எப்படி நிறுத்தறது?"

அப்போதுதான் பந்தி முடிந்திருந்தது. மடத்து அம்மா, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரித்துக் கிடந்த ஜமுக்காளத்தின் ஒரு முனையை எடுத்து நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார்.

"பிடிங்க."

இருவரும் உதறினார்கள். எதிரெதிரே நடந்து வந்து மடித்தார்கள். அம்மா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாச்சிமுத்து கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

பவானி ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம் அது. அம்மாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். நாச்சிமுத்துவுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவருடைய கால்கள் பெறவில்லை. நின்றால் உடம்பு ஆடும், உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். இந்த லட்சணத்தில் மனதை நிறுத்த வழி கேட்டு வந்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார்.

"பிடிங்க," என்றார் அம்மா.

உதறிக்கொண்டே நாச்சிமுத்து சொன்னார்: "போன வாரம் கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலீங்க."

"வீட்ல என்ன வேலை நடக்குது? கையெல்லாம் சிராய்ப்பா இருக்கு."

"கொல்லையில பலகை மேடை ஒண்ணு போடறனுங்க. நானேதான்."

"எதுக்கு?"

அவருடைய மனைவி பூவாத்தாளுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. முன்வாசலில் ஒன்பது படி. கொல்லைக் கதவைத் திறந்தால் இரண்டரை அடிப் பள்ளம். சக்கர நாற்காலி எந்தப் பக்கமும் இறங்காது. ஐந்து மாதமாக அவள் வானத்தைப் பார்க்கவில்லை. கொல்லைக் கதவின் வாசற்படி உயரத்துக்கு மரத்தில் ஒரு மேடை போட்டுவிட்டால், நாற்காலியை அப்படியே வெளியே தள்ளிவிடலாம்.

"ஆசாரி வெக்க வசதியில்லீங்க. கட்டி முடிச்ச கட்டடத்துல கழிச்சுப் போட்ட சென்ட்ரிங் பலகை கிடைச்சுது. பழைய ஆணியெல்லாம் தட்டி நிமித்தி வெச்சிருக்கேன். காலுக்குப் பனங்கட்டை."

"நல்லது."

"என்ன நல்லதுங்க? மூணு தடவை போட்டு மூணு தடவை பிரிச்சாச்சு. மட்டமே வர மாட்டேங்குது. நேத்து வெறும் நாற்காலியை மேடையில தள்ளிப் பாத்தேன். அதுபாட்டுக்கு உருண்டு போயி கறிவேப்பிலைச் செடிக்குள்ள விழுந்துருச்சு. அவ உள்ளிருந்து பாத்துட்டா."

"என்ன சொன்னாங்க?"

"அவ பேசறதே இல்லீங்கம்மா. நாக்குக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து 'ம்'ங்கறதோட சரி. நேத்து நாற்காலி விழுந்ததும் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா."

ஒரு காலத்தில் பூவாத்தாள் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டால் மூன்று வீடு தள்ளித் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் டபுள் டியூட்டி பார்த்தார் என்று டிப்போவில் கேலி செய்வதுண்டு. இப்போது அந்த வீட்டில் மின்விசிறி சுற்றுவது கேட்கிறது.

"நான் ஒரு குறையும் வெக்கலீங்கம்மா. தலை வாரி விடறேன். சோறு ஊட்டி விடறேன். ஒரு துரும்பைத் தூக்க விடறதில்ல. இப்படியே போனா செவுத்தைப் பாத்துக்கிட்டே செத்துருவாளோன்னு பயமா இருக்குங்க."

அம்மா மடித்த ஜமுக்காளத்தை வாங்கிக்கொண்டார்.

"மட்டம் எப்படிப் பாக்கறீங்க?"

"டியூப்ல தண்ணி ஊத்தித்தானுங்க. ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே உயரத்துல நின்னா மட்டம்."

"சரி," என்றார் அம்மா. உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது வாரம் நாச்சிமுத்து வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே வந்து நின்றார். நின்றார் என்பது ஒரு பேச்சுக்குத்தான்.

"நாலாவது தடவையும் பிரிச்சாச்சுங்க!"

அம்மா ஜமுக்காளத்தின் முனையை நீட்டினார். நாச்சிமுத்து பிடித்தார். பாதி உதறியதும் அம்மா தன் முனையைக் கீழே விட்டுவிட்டுத் தூண் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

"மடிங்க."

"தனியாவாங்க?"

"எல்லாத்தையும் நீங்களே செய்யறவராச்சே."

நாச்சிமுத்து இந்த முனையை இழுத்து வைத்துவிட்டு அந்த முனைக்கு ஓடினார். அதை நேராக்கினால் இது கோணியது. இதை நேராக்க ஓடி வந்தால் அது சுருண்டது. கை கழுவ வந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் வேர்த்து விறுவிறுத்து, மலைப்பாம்பு மாதிரி ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அம்மா முன்னால் வந்தார்.

அம்மா மூட்டையைப் பார்க்கவே இல்லை.

"டியூப்ல ரெண்டு முனை இருக்குமே. ஒண்ணை நீங்க பிடிப்பீங்க. இன்னொண்ணை?"

"கதவு நிலையில ஆணி அடிச்சுக் கட்டியிருக்கனுங்க. இங்க அசைச்சா அங்க தண்ணி ஏறிருது. ஓடிப் போய்ப் பாத்துட்டு வரணும். வர்றதுக்குள்ள இங்க மாறிருது."

"ஆணி உங்களுக்குச் சொல்லாதா?"

"ஆணி எப்படிங்கம்மா சொல்லும்?"

"வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"அவ மட்டும்தானுங்க."

"கை?"

"வலது கை போச்சுன்னு அன்னைக்கே சொன்னனுங்களே."

"நான் போன கையைக் கேக்கல."

நாச்சிமுத்து மூட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கிளம்பினார். இந்த முறை செருப்பு ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சக்கர நாற்காலியைக் கொல்லைக் கதவு வரை தள்ளினார். பூவாத்தாள் என்ன ஏது என்று கேட்கவில்லை. கதவு நிலையில் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டார். டியூபின் ஒரு முனையை அவளுடைய இடது கையில் வைத்தார்.

"தண்ணி இந்தக் கோட்டுக்கு வரணும். வந்தா சொல்லு."

அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்னால தனியா முடியல பூவா," என்றார். அதைச் சொன்னபோது அவருக்கு அழுகை வந்தது. மறைத்துக்கொண்டு கொல்லையில் குதித்தார்.

பன்னிரண்டு அடி தள்ளி, கடைசிப் பனங்கட்டையில் மறுமுனையை ஒட்டிப் பிடித்தார். அங்கிருந்து கோடு அவர் கண்ணுக்குத் தெரியாது.

"வந்துதா?"

பதிலில்லை.

குழாயைக் கொஞ்சம் தூக்கினார்.

"இப்ப?"

பதிலில்லை. கறிவேப்பிலைச் செடியில் ஒரு தவிட்டுக்குருவி கத்தியது. முழங்கால் ஆடத் தொடங்கியது. பத்து எண்ணும் வரை பொறுக்கலாம் என்று நினைத்தார். ஏழு எண்ணும்போதே குழாயைப் பிடித்தபடி கதவை நோக்கி நடந்துவிட்டார்.

"எங்க வர்றீங்க?"

குரல் கரகரத்திருந்தது. பழைய சத்தத்தில் கால்வாசிகூட இல்லை. நாச்சிமுத்து பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார்.

"போங்க. போய்ப் பிடிங்க."

ஓடிப் போய்ப் பிடித்தார்.

"இறக்குங்க."

இறக்கினார்.

"இன்னும். ஐயோ, அவ்வளவு வேண்டாம். தூக்குங்க. ஒரு நூல்... ஒரு நூல்னா இவ்வளவுங்களா?"

"செரி, செரி."

"ஒரு நூல் சொன்னா ஒரு மொழம் தூக்கறீங்க. அதான் நாற்காலி செடிக்குள்ள போய் விழுந்துச்சு."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தோள் குலுங்கியது. கையிலிருந்த குழாயில் தண்ணீர் ஏறி இறங்கி அலம்பியது.

"இப்ப செரியா இருக்கா, பூவா?"

நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, கோட்டின் மேல் கண்ணை வைத்தபடி பூவாத்தாள் சொன்னாள்:

"ஆடாம நில்லுங்க. தண்ணி இன்னும் நிக்கல."

நாச்சிமுத்து நின்றார்.